பள்ளி நடைகூடத் திரைகளும் தொழில் விழிப்புணர்வும்: எது நடக்கும், எது நடக்காது

பள்ளிக் காரிடார்களில் பெரிய திரைகளை மாட்டும் வழக்கம் பல இடங்களிலும் வந்துவிட்டது. தேர்வு அட்டவணை, போட்டி முடிவுகள், விடுமுறை அறிவிப்பு என்று ஓடிக்கொண்டிருந்த அந்தத் திரைகளில் இப்போது தொழில் வழிகாட்டலும் சேர்ந்திருக்கிறது. இதைப் பார்க்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இயல்பாகவே சில கேள்விகள் எழுகின்றன. சுவரில் ஓடும் படத்தைப் பார்த்து ஒரு மாணவர் தன் எதிர்காலத்தை முடிவு செய்வாரா? இந்தப் பணத்தில் ஓர் ஆலோசகரை நியமித்திருக்கலாமே? அப்படியே திரை இருந்தாலும், அதில் எதைக் காட்டுவது?

இந்தத் திரையால் ஒரு வேலையை நன்றாகச் செய்ய முடியும். இப்படியெல்லாம் தொழில்கள் உலகில் இருக்கின்றன என்று மாணவருக்குத் தெரியப்படுத்தி, "இது என்ன?" என்று கேட்க வைக்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அவர் இல்லாத பள்ளியில் திரை வெறும் அலங்காரம். ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

1. அறிவிப்புத் திரை: இதில் மூன்று பாகங்கள் உண்டு. படம் காட்டும் திரை, அதற்குப் படத்தை அனுப்பும் சிறு கணினி (இதை மீடியா பிளேயர் என்பார்கள்), எந்த நேரத்தில் எது ஓட வேண்டும் என்று சொல்லும் மென்பொருள். சில திரைகளில் மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

2. ஸ்லைடு, பிளேலிஸ்ட், சுற்று: ஒரு நேரத்தில் திரையில் தெரியும் ஒரு பக்கம் ஸ்லைடு. ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஸ்லைடுகளின் வரிசை பிளேலிஸ்ட். அந்த வரிசை முழுவதும் ஓடி மறுபடி முதல் ஸ்லைடு வர ஆகும் நேரம் ஒரு சுற்று. இந்த நேரம்தான் பிறகு பெரிய விஷயமாகப் போகிறது.

3. தொழில் விழிப்புணர்வு: என்னென்ன வேலைகள் இருக்கின்றன, அவற்றில் அன்றாடம் என்ன செய்வார்கள், அங்கே போய்ச் சேர என்ன வழி என்பது பற்றிய பொது அறிவு.

4. தொழில் ஆலோசனை: ஒரு குறிப்பிட்ட மாணவரின் விருப்பம், திறன், குடும்பச் சூழல் எல்லாவற்றையும் வைத்து அவருக்குப் பொருத்தமானதைச் சேர்ந்து யோசிப்பது.

மூன்றாவதும் நான்காவதும் வேறு வேறு. திரையால் ஆகக்கூடியது மூன்றாவது மட்டுமே. பள்ளிகள் பலவற்றில் நடக்கும் முதல் தவறு, மூன்றாவதைச் செய்துவிட்டு நான்காவதையும் செய்ததாகக் கணக்குக் காட்டுவது.

தெரியாத தொழிலை யாரும் விரும்ப முடியாது

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, பிசா என்ற பெயரில் 15 வயது மாணவர்களிடம் பன்னாட்டு ஆய்வு நடத்துகிறது. "30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள்?" என்பதும் அதில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று. 2018-ல் கிடைத்த பதில்களை வைத்து 41 நாடுகளை ஒப்பிட்ட அறிக்கை 2020-ல் வெளியானது. ஆண் பிள்ளைகளில் 47 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 53 சதவீதமும் வெறும் பத்துத் தொழில்களுக்குள்ளேயே தங்கள் பதிலை அடக்கியிருந்தார்கள். 2000-ம் ஆண்டோடு ஒப்பிட்டால் இந்தக் குவிப்பு ஆண்களில் 8 சதவீதப் புள்ளிகளும் பெண்களில் 4 சதவீதப் புள்ளிகளும் கூடியிருந்தது. இணையம் வீட்டுக்கு வீடு வந்த அதே காலகட்டத்தில் மாணவர்களின் கனவுப் பட்டியல் விரியவில்லை, சுருங்கியிருக்கிறது.

இன்னொரு பக்கம் உண்மையான வேலை உலகத்தின் அளவைப் பாருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாடு, அதன் 2008 பதிப்பில், 436 அடிப்படைப் பிரிவுகளாகத் தொழில்களைப் பிரிக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பல வேலைகள். பத்துக்கும் 436-க்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைக் குறைப்பதுதான் விழிப்புணர்வின் வேலை. ஆர்வம் இல்லாததால் மாணவர்கள் ஒரு தொழிலைத் தவிர்க்கிறார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. வீட்டில், தெருவில், திரைப்படத்தில் பார்த்த வேலைகள்தான் அவர்களுடைய உலகம். படித்த, பல துறைகளில் உறவினர் உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தப் பட்டியல் தானாகவே நீளும். மற்றப் பிள்ளைகளுக்கு நீளாது. அந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சமாவது சமன் செய்ய ஒரு பொது இடம் வேண்டும். பள்ளியின் காரிடார் எல்லாப் பிள்ளைகளும் தினமும் நடக்கும் இடம். திரை மாட்டுவதற்கு எனக்குத் தெரிந்த வலுவான நியாயம் இதுதான்.

திரை எந்தப் பகுதியைத் தொடும்

தொழில் வழிகாட்டலை ஒரு துறையாக உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஃபிராங்க் பார்சன்ஸ். 1908-ல் பாஸ்டன் நகரில் இதற்கென ஓர் அலுவலகம் தொடங்கினார். அவர் வகுத்த மூன்று படிகள் இன்றும் பயன்படுகின்றன. ஒருவர் தன்னை அறிவது முதல் படி, வேலைகளைப் பற்றி அறிவது இரண்டாவது, இரண்டையும் பொருத்திப் பார்த்து யோசிப்பது மூன்றாவது. திரை இரண்டாவது படியில் நிற்கிறது. முதலாவதையும் மூன்றாவதையும் எந்தப் பிளேலிஸ்ட்டாலும் செய்ய முடியாது.

தொழில் வழிகாட்டலுக்கு இங்கிலாந்துப் பள்ளிகள் பின்பற்றும் கேட்ஸ்பி அளவுகோல்களை வைத்துப் பார்த்தாலும் இதே முடிவுதான் வரும். 2014-ல் முன்வைக்கப்பட்ட அந்த எட்டு அளவுகோல்களில் நிலையான திட்டம், வேலைச் சந்தை பற்றிய தகவல், ஒவ்வொரு மாணவரின் தேவையைக் கவனித்தல், பாடங்களைத் தொழிலோடு இணைத்தல், வேலையில் இருப்பவர்களைச் சந்தித்தல், பணியிட அனுபவம், உயர்கல்வி நிறுவனங்களோடு அறிமுகம், தனிப்பட்ட ஆலோசனை ஆகியவை உள்ளன. திரை இவற்றில் தகவலைத் தரலாம், பாடத்தோடு இணைக்க உதவலாம். மீதி ஆறுக்கும் ஆட்கள் வேண்டும், நேரம் வேண்டும், வெளியே போய்வர ஏற்பாடு வேண்டும்.

சரி, அப்படியானால் இதை ஏன் பொருட்படுத்த வேண்டும்? திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு ஒரு பலன் உண்டு என்பதால். உளவியலாளர் ராபர்ட் ஸயோன்க் 1968-ல் காட்டிய விஷயம் இது: ஒரு சொல்லையோ உருவத்தையோ நாம் அடிக்கடி பார்த்தால், வேறு எந்தக் காரணமும் இல்லாமலே அதன்மேல் நமக்கு ஓரளவு ஒட்டுதல் வருகிறது. "நீரியல் வல்லுநர்" என்ற பெயரை ஒரு முறை கேட்ட மாணவருக்கும் இருபது முறை பார்த்த மாணவருக்கும் வித்தியாசம் இருக்கும். இரண்டாமவர் அந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்துவிடுவார் என்று இதற்குப் பொருளில்லை. கல்லூரிப் படிப்புகளின் பட்டியலில் அந்தப் பெயர் வரும்போது அவர் அதைத் தாண்டிப் போகாமல் நின்று படிக்க வாய்ப்பு அதிகம்.

எந்த வயதுக்கு?

பல பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் இருக்கும் கட்டடத்தில் மட்டும் திரையை மாட்டிவிட்டு நின்றுவிடுகிறார்கள். பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் வயது அதுதானே என்பது அவர்கள் வாதம். ஆனால் தேர்ந்தெடுப்பதற்கு வெகுமுன்பே கழித்துக்கட்டுவது தொடங்கிவிடுகிறது.

உளவியலாளர் லிண்டா காட்ஃபிரெட்சன் 1981-ல் முன்வைத்த கோட்பாடு இதை நான்கு கட்டங்களாகச் சொல்கிறது. 3 முதல் 5 வயதுவரை, வேலை என்பது பெரியவர்கள் செய்வது என்ற அளவில் புரிகிறது. 6 முதல் 8 வயதில், "இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை" என்று பிரித்துச் சில வேலைகளைப் பிள்ளை தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. 9 முதல் 13 வயதில் சமூக மதிப்பு நுழைகிறது. இது தாழ்ந்த வேலை, அது எனக்கு எட்டாத வேலை என்று இரண்டு பக்கமும் வெட்டப்படுகிறது. 14 வயதுக்கு மேல்தான் தன் விருப்பம், தன் இயல்பு என்று பிள்ளை உள்நோக்கி யோசிக்கிறது. அதுவும் ஏற்கெனவே வெட்டிக் குறைத்த பட்டியலுக்குள்ளேயே.

இந்தக் கோட்பாட்டின் வயது எல்லைகளைக் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இதன் திசை தெளிவாக இருக்கிறது. கிரேன் இயக்கும் பெண்ணையும் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கும் ஆணையும் எட்டு வயதுப் பிள்ளை பார்ப்பதற்கு உள்ள மதிப்பு, பதினேழு வயதில் பார்ப்பதற்கு இல்லை. தொடக்கப் பள்ளிப் பக்கம் ஒரு திரை வைக்க முடிந்தால் அதற்கே முன்னுரிமை தரலாம். அங்கே கல்வித் தகுதி, நுழைவுத் தேர்வு எதுவும் தேவையில்லை. ஒரு மனிதர், ஒரு கருவி, அவர் செய்யும் வேலை. அது போதும்.

ஆறு விநாடிக் கணக்கு

திரைகள் பயனில்லாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், காரிடாரில் மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று யாரும் யோசிக்காததுதான். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1. பார்க்கக் கிடைக்கும் நேரம். மனிதர் சாதாரணமாக விநாடிக்குச் சுமார் 1.3 மீட்டர் நடக்கிறார். திரை 8 மீட்டர் தூரத்திலிருந்து தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், அதைக் கடந்து போக ஏறத்தாழ 6 விநாடி. நண்பரோடு பேசிக்கொண்டு போகும் மாணவர் அதில் இரண்டு மூன்று விநாடி திரும்பிப் பார்த்தாலே பெரிய விஷயம். ஆங்கிலம் வாசிக்கும் பெரியவர் உட்கார்ந்து மௌனமாகப் படித்தால் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள் என்று 2019-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று கணக்கிட்டது. அதாவது விநாடிக்கு நான்கு சொல். விகுதிகள் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களுக்கு இதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். நடந்துகொண்டே படிப்பவருக்கு இன்னும் குறைவு. ஆகவே நடக்கும் இடத்தில் மாட்டிய திரையில் ஒரு ஸ்லைடுக்கு எட்டுச் சொல் என்பது நல்ல வரம்பு.

2. ஒரே ஒரு ஸ்லைடுதான் கண்ணில் படும். கடந்துபோகிறவர் பிளேலிஸ்ட்டின் ஏதோ ஒரு இடத்தைத்தான் பார்ப்பார். "தொடர்ச்சி அடுத்த ஸ்லைடில்" என்று அமைத்தால் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஒவ்வொரு ஸ்லைடும் தனியாக நின்று பொருள் தர வேண்டும். ஒன்றரை நிமிட வீடியோவுக்கும் இதே கதிதான். நடுவில் நான்கு விநாடியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

3. குறைவாக வைத்தால் அதிகம் சேரும். ஒரு மாணவர் நாளுக்கு ஆறு முறை, வாரத்துக்கு ஐந்து நாள் திரையைக் கடக்கிறார் என்று வைப்போம். வாரத்துக்கு 30 பார்வைகள். பிளேலிஸ்ட்டில் 40 ஸ்லைடுகள் மாறி மாறி வந்தால், குறிப்பிட்ட ஒரு ஸ்லைடை அந்த வாரத்தில் அவர் ஒரு முறையாவது பார்க்க வாய்ப்பு சுமார் 53 சதவீதம். எட்டே ஸ்லைடுகள் என்றால் அது 98 சதவீதம். அதோடு ஒவ்வொன்றையும் சராசரியாக நான்கு முறை பார்த்திருப்பார். வருடம் முழுவதற்கும் சேர்த்து நூறு தொழில்களை ஒரே பிளேலிஸ்ட்டில் ஏற்றிவைப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு தொழில், தொழிலுக்கு நான்கு ஸ்லைடு என்று மாற்றிக்கொண்டே போவது நல்லது.

4. மணியடிக்கும் நேரமும் சுற்றும் ஒத்துப்போனால் சிக்கல். இது பலர் கவனிக்காத விஷயம். ஒன்பது ஸ்லைடு, ஒவ்வொன்றும் 10 விநாடி என்றால் ஒரு சுற்று 90 விநாடி. பாடவேளை 45 நிமிடம், அதாவது 2,700 விநாடி. 2,700-ஐ 90 மீதியில்லாமல் வகுக்கும். ஆகவே ஒவ்வொரு முறை மணியடித்து மாணவர்கள் வெளியே வரும்போதும் திரையில் அதே ஸ்லைடு நிற்கும். ஒன்பதில் ஒன்றிரண்டை மட்டும் வருடம் முழுக்கப் பார்ப்பார்கள், மற்றவை காலி காரிடாருக்கு ஓடும். சுற்று நேரத்தை மாற்றினால் மட்டும் இது முழுதாகத் தீராது. தினமும் ஒரே நேரத்தில் தானாக இயங்கத் தொடங்கும் திரையில், காலை 10:30 மணிக்கு நேற்று எது வந்ததோ அதுதான் இன்றும் வரும். மென்பொருளில் வரிசையைக் கலைத்து ஓட்டும் வசதி இருக்கும். அதைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மேலே சொன்ன 53, 98 சதவீதக் கணக்கும் வரிசை அப்படிக் கலைந்திருந்தால்தான் பொருந்தும்.

5. நடக்கும் இடம் வேறு, நிற்கும் இடம் வேறு. குடிநீர்க் குழாய், நூலக வாசல், அலுவலகத்தில் காத்திருக்கும் பெஞ்ச், மதிய உணவு வரிசை ஆகிய இடங்களில் மாணவர்கள் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பார்கள். அங்கே 30, 40 விநாடி வீடியோ போடலாம், மூன்று நான்கு வரி எழுதலாம். ஒரே பிளேலிஸ்ட்டை இரண்டு வகை இடத்துக்கும் அனுப்புவது வீண். மாடிப்படித் திருப்பத்திலும் குறுகலான வழியிலும் திரை கூடவே கூடாது. நின்று பார்க்கும் கூட்டம் அவசர நேரத்தில் வழியை அடைக்கும்.

6. எழுத்தின் அளவு. 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 சென்டிமீட்டர் உயர எழுத்து என்பது அறிவிப்புப் பலகைத் தொழிலில் உள்ள பழைய வாய்ப்பாடு. 6 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர். 43 அங்குலத் திரையின் உயரமே சுமார் 53 சென்டிமீட்டர்தான். வரி இடைவெளி, படம், ஓரம் எல்லாம் போக மூன்று வரிக்குமேல் தாங்காது. தமிழில் எழுத்துக்கு மேலே புள்ளியும் சுழியும் கீழே வளைவும் வருவதால் வரி இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும். பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்பது இணைய அணுகல் தரநிலை. காரிடாருக்கும் அது பொருந்தும். அப்புறம், பூவும் மலையும் தெரியும் படத்தின் மேல் மஞ்சள் எழுத்து வேண்டாம்.

ஸ்லைடில் என்ன இருக்க வேண்டும்

திரைகளில் அடிக்கடி வருவது இப்படி இருக்கும்: "ஆடியாலஜி – ஒளிமயமான எதிர்காலம்! வளமான வாய்ப்புகள்!" கூடவே கோட்டு சூட்டுப் போட்டுச் சிரிக்கும் யாரோ ஒருவரின் இணையப் படம். இதைப் பார்த்த மாணவருக்கு ஆடியாலஜி என்றால் என்ன என்பது முன்பும் தெரியாது, இப்போதும் தெரியாது.

அதே தொழிலுக்கு வேறு மாதிரி நான்கு ஸ்லைடு பாருங்கள்.

முதல் ஸ்லைடு: "பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?"

இரண்டாவது: "காதுக்குள் மெல்லிய ஒலி. உள்காதின் எதிரொலியை அளக்கிறார் ஆடியாலஜிஸ்ட்."

மூன்றாவது: "ஆடியாலஜிஸ்ட்: உயிரியலும் வேண்டும், ஒலி இயற்பியலும் வேண்டும்."

நான்காவது: "ஆடியாலஜிஸ்ட் ஆவது எப்படி? நூலகத்தில், புதன்கிழமை மதியம், கேளுங்கள்."

தனித்தனியாகப் பார்த்தாலும் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைத் தருகிறது. எதிலும் பாராட்டுச் சொல் இல்லை. வேலை என்ன என்று இருக்கிறது, அந்த வேலையில் இருக்கும் புதிர் இருக்கிறது, வகுப்பில் படிக்கும் பாடத்தோடு தொடர்பு இருக்கிறது, அடுத்து எங்கே போவது என்றும் இருக்கிறது.

இன்னொன்று. லிஃப்டின் கயிறு அறுந்தால் என்ன ஆகும்? பலரும் கீழே விழும் என்றே நினைப்பார்கள். லிஃப்ட் அளவுக்கு மீறி வேகமாக இறங்கினால் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி அதை உணர்ந்து, பக்கவாட்டுத் தண்டவாளங்களைக் கவ்விப் பிடிக்கும் தடையை இயக்கிவிடும். எலிஷா ஓட்டிஸ் 1850-களில் இத்தகைய பாதுகாப்புத் தடையை மக்கள் முன்னால் செய்து காட்டியபிறகே லிஃப்டில் ஏற மக்களுக்குத் துணிச்சல் வந்தது. அந்தத் தடை ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற டெக்னீஷியனின் வேலையை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு ஸ்லைடில் சொல்லிவிடலாம். பட்டப்படிப்பு கேட்காத, ஆனால் திறமையும் பொறுப்பும் கேட்கும் இத்தகைய வேலைகளுக்குத் திரையில் கட்டாயம் இடம் வேண்டும். மருத்துவர், பொறியாளர், ஆட்சிப் பணி என்று ஏற்கெனவே எல்லாரும் அறிந்ததையே மறுபடி காட்டினால் அந்தப் பத்துத் தொழில் வட்டம்தான் இன்னும் இறுகும்.

பாடத்தோடு இணைக்கிற நேரமும் முக்கியம். அமிலம், காரம் பாடம் நடக்கும் வாரத்தில் நீரின் தரத்தைச் சோதிப்பவரைக் காட்டலாம். புள்ளியியல் நடக்கும்போது காப்பீட்டுக் கணிப்பாளர், வரைபடம் நடக்கும்போது செயற்கைக்கோள் படங்களை வைத்து நில அளவை செய்பவர். ஆசிரியர்களிடம் பருவத்துக்கான பாடத்திட்டத்தை முன்கூட்டியே வாங்கிவைத்தால் இது கஷ்டமில்லை. வகுப்பில் ஆசிரியர் "வெளியே திரையில் பார்த்தீர்களா?" என்று ஒரு வரி கேட்டால், அந்த வாரம் திரையைப் பார்க்கும் கண்கள் கூடும்.

யாருடைய முகம்?

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் விளக்கிய "என்னால் முடியும்" என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு. தானே செய்து வென்ற அனுபவம் முதலாவது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. பிறர் தரும் ஊக்கச் சொல் மூன்றாவது. உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை நான்காவது. திரைக்கு எட்டக்கூடியவை இரண்டாவதும் மூன்றாவதும். ஊக்கச் சொல் பள்ளிச் சுவர்களில் ஏற்கெனவே போதுமான அளவு எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டாவதில் கவனம் வைக்கலாம்.

இங்கே அழுத்தம் "தன்னைப் போன்ற" என்பதில். உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானியின் படம் வியப்பைத் தரும். நானும் அங்கே போவேன் என்ற எண்ணத்தை எப்போதும் தராது. அதே பள்ளியில் எட்டு வருடம் முன்னால் படித்து, கணக்கில் சுமாராக இருந்து, இன்று கப்பலில் மின் பணியாளராக இருக்கும் அக்காவின் படம் தரும். முன்னாள் மாணவர்களிடம் மூன்று கேள்விகள் அனுப்பலாம். நேற்று வேலையில் என்ன செய்தீர்கள்? இந்த வேலையில் சலிப்பான பகுதி எது? பள்ளியில் இருக்கும்போது இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியாமல் இருந்தது? இரண்டாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. சலிப்பும் சிரமமும் சொல்லாத தொழில் அறிமுகத்தை மாணவர்கள் விளம்பரம் என்று உடனே கண்டுகொள்வார்கள், அவர்கள் கண்டுகொள்வது சரியும்கூட.

ஆண், பெண், மாற்றுத்திறனாளிகள், கிராமம், நகரம், முதல் தலைமுறையாகப் படித்தவர் என்று முகங்கள் கலந்திருக்கின்றனவா என்று மாதம் ஒரு முறை பிளேலிஸ்ட்டை எடுத்து எண்ணிப் பார்ப்பது நல்லது. எண்ணாவிட்டால் அது தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

கருவி பற்றிச் சுருக்கமாக

வீட்டுத் தொலைக்காட்சி போதுமா என்று கேட்பார்கள். தொடங்குவதற்குப் போதும். ஆனால் அது நாளுக்குச் சில மணி நேர வீட்டு உபயோகத்தை மனதில் வைத்துச் செய்தது. பொது இடத்தில் வைத்தால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம், செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் சூடு வெளியேறுவதில் சிக்கல் வரலாம். வணிகப் பயன்பாட்டுத் திரைகள் நாளுக்கு 16 அல்லது 24 மணி நேரம் ஓடும்படி தயாராகின்றன, வெளிச்சமும் அதிகம். ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் எந்தத் திரையும் கண்ணாடியாகிவிடும். வாங்குவதற்கு முன்னால் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் அந்தச் சுவருக்கு முன் நின்று பார்த்துவிட வேண்டும்.

ஸ்லைடுகளை யூஎஸ்பி டிரைவில் போட்டுச் செருகுவது எளிது, ஒரே திரைக்கு அது சரி. நான்கைந்து திரை வந்துவிட்டால் ஒரே இடத்திலிருந்து மாற்றக்கூடிய வலையமைப்பு மென்பொருள் வேண்டும். தமிழ் எழுத்துரு சில மலிவான பிளேயர்களில் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகத் தெரியும். ஸ்லைடைப் படமாக மாற்றி ஏற்றினால் அந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் பெரிய செலவு இல்லை. 100 வாட் திரை நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் ஓடினால் 160 யூனிட். பெரிய செலவு மனித நேரம். வாரத்துக்கு எட்டு ஸ்லைடு தயாரிக்க யாராவது உட்கார வேண்டும். அதை ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர் குழு செய்தால், ஒரு தொழிலாளரிடம் பேசிக் கேள்வி கேட்டு எழுதுவதே அந்தக் குழுவுக்குத் திரையைவிடப் பெரிய தொழில் பாடமாக இருக்கும்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

1. விளம்பரம் நுழைவது. இலவசமாகத் திரை தருகிறோம், உள்ளடக்கமும் தருகிறோம் என்று பயிற்சி நிறுவனங்களும் தனியார் கல்லூரிகளும் வருவார்கள். ஒப்புக்கொண்டால் மாணவர்கள் பார்ப்பது தொழில்களை அல்ல, சேர்க்கை அறிவிப்புகளை. உள்ளடக்கத்தை முடிவு செய்வது பள்ளி மட்டுமே என்று எழுத்தில் இல்லாத எந்த இலவசத்தையும் வாங்கக் கூடாது. இதில் நெகிழ்வு காட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளின் கவனத்தைப் பள்ளி விற்கக் கூடாது.

2. சம்பளக் கணக்கு. உச்சத்தில் இருக்கும் ஒருவரின் சம்பளத்தைப் பொதுச் சம்பளம்போல் காட்டுவது பொய்க்குச் சமம். காட்டுவதானால் தொடக்க நிலையில் கிடைக்கும் குறைந்தபட்சம் முதல் அதிகபட்சம் வரை, எந்த ஆண்டின் தகவல், எங்கிருந்து எடுத்தது என்பதோடு காட்ட வேண்டும்.

3. பழைய தகவல். விண்ணப்பத் தேதி முடிந்த ஸ்லைடு இன்னும் ஓடினால் திரையின் மேல் உள்ள நம்பிக்கையே போய்விடும். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் காலாவதித் தேதி வைக்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு.

4. தனியுரிமை. மாணவரின் பெயர், படம், மதிப்பெண், "இவர் இந்தத் தொழிலுக்குப் பொருத்தமானவர்" போன்ற முத்திரை எதுவும் திரையில் வரக் கூடாது. முன்னாள் மாணவரின் படத்துக்கும் அவருடைய சம்மதம் வேண்டும்.

5. பூட்டில்லாத கதவு. திரையின் மென்பொருளில் தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லையே விட்டுவைத்தால், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முன் ஓடவிடலாம். கடவுச்சொல்லை மாற்றுவது முதல் நாள் வேலை.

6. மின்னும் காட்சிகள். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் படம் சில வகை வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. காரிடாரில் ஒலியும் வேண்டாம், வீடியோ என்றால் எழுத்து வரிகள் வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு அதே தகவல் ஒலிப்பதிவாகவோ வகுப்பில் வாசித்தோ போய்ச் சேர வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை ஸ்லைடு போட்டோம் என்பது பள்ளி செய்த வேலையின் கணக்கு. மாணவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதை அது சொல்லாது. கியூஆர் குறியீட்டை எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று எண்ணுவதும் கைபேசிக்குத் தடை உள்ள பள்ளியில் பொருளற்றது.

எளிய வழி ஒன்று உண்டு. பருவத் தொடக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் தெரிந்த தொழில்களை எல்லாம் எழுதச் சொல்வது. அவற்றில் ஏதாவது மூன்றுக்கு, அந்த வேலையில் இருப்பவர் ஒரு நாளில் என்ன செய்வார் என்று ஒரு வரி. பெயர் எழுத வேண்டாம், மதிப்பெண்ணும் இல்லை. பருவ முடிவில் மறுபடி அதே தாள். வகுப்பு முழுவதிலும் வந்த வெவ்வேறு தொழில்களின் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். பெயர்கள் கூடி, ஒரு வரி விளக்கம் முன்போலவே வெறுமையாக இருந்தால், ஸ்லைடுகள் தொழிலின் பெயரைக் காட்டுகின்றன, வேலையைக் காட்டவில்லை என்று பொருள். பெயரும் விளக்கமும் வளர்ந்து, நூலகத்துக்குக் கேள்வியோடு யாரும் வரவில்லை என்றால், அங்கே இருப்பவரின் நேரமோ அணுகுமுறையோ மாணவர்களுக்கு ஒத்துவரவில்லை.

பள்ளிக்கு இரண்டு கட்டடங்கள் இருந்து, இரண்டிலும் ஒரே வகுப்பின் பிரிவுகள் இருந்தால், முதல் பருவத்தில் ஒரு கட்டடத்தில் மட்டும் ஓடவிடலாம். இரண்டு கட்டடத்துப் பிரிவுகளிலும் அதே தாளைக் கொடுத்து வாங்கினால், கூடுதல் எவ்வளவு திரையால் வந்தது, எவ்வளவு வயதாலும் பாடத்தாலும் தானாக வந்தது என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். இரண்டாம் பருவத்தில் மற்றக் கட்டடத்துக்கும் அதே ஸ்லைடுகளை, முதல் பருவத்தில் யாரும் நினைவில் வைத்திராதவற்றைத் திருத்தி எழுதிய பிறகு, அனுப்பலாம்.